பனியைத் தூசி என்று துடைத்தவன்

தூசிக்கும் பனிக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன் உங்களுக்குப் புத்தி சொல்ல வந்திருக்கிறான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னை நானே மெச்சிக்கொள்ளும் கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அச்சுக்கூடத்தில் நாற்பது வருஷம் இருந்தவனிடம் அவை இல்லாமலா போகும். ஆனால் அவற்றால் உங்களுக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. அதனால் நான் மூக்குடைபட்ட கதையைச் சொல்கிறேன்.

என் வேலைக்குச் சிவகாசியில் ‘டச்சிங்’ என்று பெயர். இன்று நீங்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையில் செய்வதை நாங்கள் நாலு மயிர் உள்ள தூரிகையால் செய்தோம். ஒரு படத்தைப் பெரிய கேமராவில் எடுத்து, நிறம் பிரித்து, நான்கு ஃபிலிமாக்கிக் கொடுப்பார்கள். நான்குமே பார்க்கக் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் அவற்றைப் போட்டு, தூசி விழுந்ததால் உண்டான வெள்ளைப் புள்ளிகளைச் சாயம் தொட்டு அடைக்க வேண்டும். அவ்வளவுதான். தவறாக அடைத்தால் திரும்பப் பெற முடியாது. உங்களைப் போல ஒரு பொத்தானை அமுக்கி முந்தைய நிலைக்குப் போகும் வசதியெல்லாம் எங்களுக்கு ஏது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குழந்தைப் படக் காலண்டரில் கன்னத்தில் இருந்த கறுப்புப் புள்ளியை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டி எடுத்துவிட்டேன். அது திருஷ்டிப் பொட்டு. காலண்டருக்குச் சொல்லியிருந்த ஜவுளிக்கடைக்காரர் நேரில் வந்து, “பிள்ளைக்குக் கண் பட்டா நீயா வந்து சுத்திப் போடுவ?” என்று கேட்டார். அதற்கப்புறம் கறுப்புப் புள்ளி என்றால் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன். வெள்ளைப் புள்ளியைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை.

எழுபதுகளின் பிற்பாதியில் அபுதாபிக்குப் போனேன். அந்த ஊரை நீங்கள் இப்போது பார்த்தால் நான் பொய் சொல்கிறேன் என்பீர்கள். எங்கள் அச்சகத்தின் பின்கதவைத் திறந்தால் கடல் தெரியும். மத்தியானம் மெஷினை நிறுத்தினால் தூரத்தில் கட்டடம் கட்டும் சத்தம் மட்டும் கேட்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேராகக் கடற்கரையில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்த கடிதங்களை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம். ரகசியம் என்று எதுவும் கிடையாது. என் அம்மாவின் மூட்டுவலி அறையில் இருந்த எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வாழ்க்கை மேல் எனக்கு இப்போதும் ஆசை இருக்கிறது. வெயிலும் உப்புத் தண்ணீரும் மறந்துபோயின. சிரித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

என் பக்கத்துக் கட்டிலில் அந்தோணி அண்ணாச்சி. குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர், அச்சகத்தின் மெஷின்மேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எல்லோரையும் ‘மக்கா’ என்றுதான் கூப்பிடுவார். மேனேஜரைக்கூட ஒரு தரம் மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டுவிட்டார். மேனேஜர் கராச்சிக்காரர், அது என்ன வார்த்தை என்று என்னிடம் விசாரித்தார். தமிழில் அது ‘சாப்’ மாதிரி மரியாதையான சொல் என்று சொல்லிவைத்தேன்.

அந்த வருஷம் அண்ணாச்சிக்கு லீவு கிடைத்திருந்தது. மூன்று வருஷத்தில் முதல் லீவு. மகளுக்கு ஊர்க் கோயிலில் புதுநன்மை. எனக்கு அது என்னவென்று தெரியாது. சின்னப் பிள்ளைகள் முதன்முதலாகக் கோயிலில் நற்கருணை வாங்குவது, வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் நெட்டு என்கிற மெல்லிய வலைத்துணி வைத்து, கையில் மெழுகுவர்த்தி பிடித்து வருவார்கள் என்று அவர்தான் விளக்கினார். “அப்பன் கூட நிக்கணும் மக்கா. அவளுக்குப் பொறகு கல்யாணத்துலதான் நான் அப்படி நிக்க முடியும்” என்றார். புதுநன்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை விடிகாலை விமானம். சனிக்கிழமை வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். கவுன் தைக்க வெள்ளை லேஸ் துணியை இரண்டு மாதம் முன்பே ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார்.

அப்போதுதான் அந்த ஜப்பான் காலண்டர் வந்தது. ருவைஸ் பக்கம் ஆலை கட்டிக்கொண்டிருந்த ஒரு ஜப்பான் கம்பெனியின் சைட் தலைவர் மூன்று படங்களைக் கொண்டுவந்தார். நரைத்த தலை, குறைந்த பேச்சு. அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, ‘ஜப்பான் ஐயா’ என்றே சொல்வோம். படங்கள் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. வரைந்தவர் வயதான காலத்தில் ஒரே கோயிலைக் குளிர்காலத்தில் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். அதில் மூன்றை வைத்து, நாலு மாதத்துக்கு ஒரு தாளாகக் காலண்டர். ஜப்பான் ஐயா படங்களை விட்டுவிட்டுப் போகச் சம்மதிக்கவில்லை. மேனேஜரே கேமராவில் நின்று எடுத்தார். முடிந்ததும் ஜப்பான் ஐயா அவற்றைப் பட்டுத்துணியில் சுற்றி, வந்த வண்டியிலேயே திருப்பி எடுத்துப் போய்விட்டார். அன்று நான் லேபர் கார்டு வேலையாக வெளியே போயிருந்தேன். அசல் படத்தை நான் பார்க்கவே இல்லை.

அதோடு ஒரு சொல் என்னைக் கவிழ்த்தது. வேலைச்சீட்டில் ஆங்கிலத்தில் ‘குளிர்காலக் கோயில்’ என்று எழுதியிருந்தது. என் நோட்டில் நான் அதைத் தமிழில் ‘பனிக்காலக் கோயில்’ என்று எழுதிக்கொண்டேன். எழுதியதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பனிக்காலம் என்றால் மார்கழி. மார்கழியில் பனி பெய்யும், தலைக்கு மஃப்ளர் கட்ட வேண்டும், காலையில் சைக்கிள் சீட் நனைந்திருக்கும். பெய்கிற பனியை யார் கண்ணால் பார்த்தார்கள்? எங்கள் ஊரில் பார்த்ததில்லை. பஞ்சு மாதிரி வெள்ளையாக, ஒவ்வொன்றாக விழுகிற பனி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பேன். ஃபிலிமைப் பார்த்தபோது அது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் இரண்டு படங்களில் கூரையும் படிக்கட்டும் வெள்ளை. சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது படத்தை மேசையில் போட்டதும் திட்டினேன். கோயில், பெரிய மரங்கள், படிக்கட்டில் குடை பிடித்துப் போகிற ஒரே ஒரு ஆள், அத்தனையின் மேலும் வெள்ளைப் புள்ளி. நூற்றுக்கணக்கில். அந்த வாரம் முழுக்கப் புழுதிக்காற்று அடித்திருந்தது. கதவிடுக்கில் ஈரத்துணி செருகியும் சோற்றில் மணல் கடித்தது. டார்க் ரூமுக்குள்ளும் புகுந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தூசி நான்கு ஃபிலிமில் நான்கு விதமாக விழும். இந்தப் புள்ளிகளோ நான்கிலும் ஒரே இடத்தில் இருந்தன. இரண்டாம் நாள் அதை நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த உடனே ஒரு சமாதானமும் கண்டுபிடித்தேன். படத்தின் மேல் வைத்த கண்ணாடியை மேனேஜர் துடைக்கவில்லை, அதனால்தான் நான்கிலும் ஒரே மாதிரி வந்திருக்கிறது என்று. அவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். ‘சாப், கண்ணாடியைத் துடைத்தீர்களா’ என்று எப்படிக் கேட்பது என்ற தயக்கம். ஆக, சந்தேகம் வந்தது, அதற்கு ஒரு பதிலை நானே சொல்லிக்கொண்டேன், தூரிகையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு நாள். ஒரு புள்ளி விடவில்லை. குடைக்காரரின் தலைக்கு மேல் வானத்தைச் சுத்தமாக்கியபோது, பாவம், வெயிலுக்குக் குடை பிடித்துப் போகிறார் என்றுகூட நினைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக நான் வேலை செய்ததில்லை.

அவசரத்தில் மாதிரிப் படி எடுத்து யாரும் ஒப்பிடவில்லை. வியாழக்கிழமை காலை அண்ணாச்சி மூன்றாவது தாளை ஓட்டி முடித்து அடுக்கியிருந்தபோது ஜப்பான் ஐயா வந்தார். முதல் இரண்டு தாளையும் பார்த்துத் தலையசைத்தார். மூன்றாவதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, சத்தமே இல்லாமல், “ஸ்னோ?” என்றார்.

மேனேஜருக்குப் புரியவில்லை. ஜப்பான் ஐயா கையோடு கொண்டுவந்திருந்த பட்டுத்துணியைப் பிரித்து அசலை எடுத்து எங்கள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அசலில் பனி பெய்துகொண்டிருந்தது. மரத்தின் மேல், கூரையின் மேல், குடையின் மேல். எங்கள் தாளில் ஒரு மனிதர் பளிச்சென்ற வானத்தின் கீழ் குடையை விரித்துக்கொண்டு போனார். நான் அடைத்த ஒவ்வொரு புள்ளியும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் பார்த்தது அண்ணாச்சியை. மெஷினில் மசி அதிகமானால் சின்னச் சின்ன வெள்ளை இடங்கள் அடைத்துக்கொள்ளும். போன மாதம் ஒரு வேலையில் அப்படி நடந்துமிருந்தது. “ஃபிர் வஹி கல்தி? மறுபடியும் அதே தப்பா?” என்றார். அண்ணாச்சி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “மசி சரியாத்தான் போட்டேன் சாப்” என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்து, “பழைய மெஷின், ஒருவேள அடைச்சிருக்கும்” என்றார்.

“இதைச் சரி பண்ணாமல் யாருக்கும் லீவு கிடையாது. கலாஸ், அவ்வளவுதான்” என்றார் மேனேஜர். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

அப்போது நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். நான் வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. சொன்னால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். முதலில் எல்லோரும் நிதானத்துக்கு வரட்டும், பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்தேன். பயந்தாங்கொள்ளிகள் எல்லோருக்கும் இந்தத் தவணை நன்றாகத் தெரியும்.

அன்று முழுக்க அண்ணாச்சி மெஷினைக் கழுவினார். மண்ணெண்ணெய் நாற்றத்தில் கண்ணெல்லாம் சிவந்துபோனது. ரப்பரை மாற்றினார். மசியைக் குறைத்தார். அதே ஃபிலிமிலிருந்து புதுப் பிளேட் போட்டு ஓட்டினார். ஒவ்வொரு தாளாக எடுத்து, லென்ஸை வைத்து, குனிந்து தேடினார். நான் அவருக்கு இரண்டு தரம் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“இந்தப் பனி எங்கடே போச்சு மக்கா?” என்று என்னிடம் கேட்டார்.

“தெரியலண்ணாச்சி” என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. விமானம் போகும் நேரம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சி பெட்டியைத் திறந்து, பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டுகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். “வச்சா எறும்பு வந்துரும், தின்னுங்க” என்றார். என் கையிலும் ஒன்று. அதை வாங்கிக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மேனேஜர் வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் திறந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் இந்தி அன்றைக்கு ரொம்ப மோசமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. வாசலிலேயே நின்று கேட்டு முடித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கல் க்யூன் நஹி போலா? நேற்று ஏன் சொல்லவில்லை?” உள்ளே போய் டிக்கெட் ஏஜெண்டைப் பிடித்து, அண்ணாச்சிக்கு வேறு விமானம் கேட்டுத் தொலைபேசியில் மன்றாடினார். பத்து நாளைக்கு எதிலும் இடம் இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம், ஊருக்குப் போகாதவர் யார்?

அன்றே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ருவைஸுக்குப் போனார். மூன்று மணி நேரத்துக்கு மேல், இரண்டு பக்கமும் உப்புப் பூத்த தரை. சைட் ஆபீஸில் ஜப்பான் ஐயா எங்களுக்குத் தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நீங்கள் பனி பார்த்ததுண்டா?” என்றார்.

“இல்லை.”

“எத்தனை நாள் ஆயிற்று, இதை அடைக்க?”

“நாலு நாள்.”

அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இந்தப் படத்தில் வெள்ளை மையே கிடையாது என்றார். பனி விழும் இடத்தில் எல்லாம் கட்டையைத் தோண்டி, காகிதத்தை வெறுமனே விட்டிருக்கிறார்கள். வரைந்தவர் இந்த மூன்றாவது படம் அச்சாகி வருவதற்குள் காலமாகிவிட்டாராம், மற்றவர்கள்தான் முடித்திருக்கிறார்கள். “கட்டை செதுக்கியவருக்குப் பிறகு, இதில் ஒவ்வொரு பனியையும் தொட்ட ஆள் நீங்கள்தான்” என்றார். அது பாராட்டா, கண்டிப்பா என்று எனக்கு இன்று வரை தெரியாது. அசலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்களோடு அபுதாபிக்கே வந்துவிட்டார்.

சனிக்கிழமை புதிதாக ஃபிலிம் எடுத்தோம். தூரிகையைத் தொட எனக்குக் கை வரவில்லை. ஜப்பான் ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புள்ளியைக் காட்டுவேன், அவர் அசலைப் பார்த்துவிட்டுப் பனி அல்லது தூசி என்பார். உண்மையான தூசி மொத்தம் ஆறு இடத்தில்தான் இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கைத்தப்பு எல்லோருக்கும் வரும். தெரியாத பொருளைத் தெரிந்ததாக நினைத்துச் சரி செய்வது நம் தொழிலில் தினமும் நடக்கிறது. அதற்கு மருந்து உண்டு, அசலைக் காட்டு என்று கேட்பது. கேட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் தப்பு வெளியே வந்த பிறகு, இன்னொருத்தன் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கும் அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதைத் தவறவிட்டால் புது ஃபிலிம் எடுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணாச்சி மெஷினை ஓட்டினார். தாள் எடுத்து அடுக்க வேறு ஆள் இல்லாததால் நான் நின்றேன். விஷயம் அவருக்கு வெள்ளிக்கிழமையே தெரியும், மேனேஜர் சொல்லிவிட்டார். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. நான் கேட்டிருந்த மன்னிப்புக்குத் தலையை ஆட்டியதோடு சரி.

திருத்திய மூன்றாவது தாள் வந்தது. பனி பெய்துகொண்டிருந்தது. அண்ணாச்சி மெஷினை நிறுத்திவிட்டு, தாளைக் கையில் எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஊரில் பூசை தொடங்கியிருக்கும்.

“பனிய அழிச்சதுல எனக்கு ஒம்மேல கோவமே இல்ல மக்கா. ஒனக்குத் தெரியாது, அழிச்சிட்ட. நானும் பாத்ததில்ல, நானா இருந்தாலும் அழிச்சிருப்பேன்” என்றார்.

தாளை அடுக்கின் மேல் வைத்து ஓரத்தை ஒழுங்காகத் தட்டினார்.

“வியாழக்கிழம முழுக்க லென்ச வச்சுத் தேடிட்டு இருந்தேன்லா. அது அங்க இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே எனக்கு டீ கொண்டு வந்து தந்தியே. அதுதான் மக்கா எனக்கு ஆறல.”

சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார். நான் தாள்களை எடுத்து அடுக்கினேன்.